மெர்வ் முறுக்கிவிட்டுப் போன கம்பி

மெர்வ் ஹாக்கெட் ஊரை விட்டுப் போனது, ஊரில் கால்நடைக் கண்காட்சி நடந்த சனிக்கிழமை. ஒலிபெருக்கியில் ஆடுகளுக்குப் பரிசு அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவன் சொன்னதில் பாதிதான் அவன் மனைவி நோலீனுக்குக் கேட்டது.

"மேற்க சுரங்கத்துல லாரி ஓட்டற வேலை. ரெண்டே மாசம். யூட்டை நீ வெச்சுக்க. ஆயில் மட்டும் பாத்துக்க."

பின்னால் திறந்த சாமான் தட்டு வைத்த அந்த யூட் வண்டியை அவளிடம் விட்டுவிட்டு, கூட்டாளியின் காரில் ஏறி, சாஸ் வழியும் தொத்திறைச்சி ரொட்டியைக் கடித்தபடியே கையாட்டினான். இருபத்தாறு வருடக் குடித்தனம் அப்படித்தான் புழுதிக்குள் மறைந்தது.

இரண்டு மாதம் ஆறு மாதமானது. முதலில் ஞாயிறுதோறும் போன் வந்தது, பிறகு எப்போதாவது, பிறகு அதுவும் இல்லை. உட்கார்ந்து அழலாமென்றால் நோலீனுக்கு நேரம் இல்லை. தபால் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

குர்ராவில்லாவுக்கு வடக்கே செம்மண்ணில் சிதறிக் கிடக்கும் ஆட்டுப் பண்ணைகளுக்கு வாரம் இரண்டு நாள் தபால் போகும். தபால் என்றால் கடிதம் மட்டுமா? ரொட்டி, பம்பு வாஷர், நாய்க்கு மருந்து, ஒருமுறை மூன்றடுக்குக் கல்யாண கேக். அந்தக் கேக்கை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டிப் போனவள் நோலீன். ஒப்பந்தம் மெர்வ் பெயரில் இருந்தாலும் பாதிக்கு மேல் ஓட்டியது அவள்தான். அதற்கும் முன்னால் கம்பளி வெட்டும் ஆட்களுக்குச் சமைத்துப்போட்டவள். இறைச்சி வேகவில்லை என்று தட்டைத் தள்ளியவனுக்கு மறுநாளும் அதே இறைச்சியை வைத்தவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

மே மாதம் தபால் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் கேவின் போன் செய்தான்.

"நோலீன், மெர்வ் வர்ற மாதிரி தெரியல. குளிர்காலம் முழுக்க நேரத்துக்கு ஓட்டிக் காட்டு. உன் பேருக்கே மாத்திடறேன். நடுவுல நின்னுச்சுன்னா வேற ஆளைத்தான் போடணும். என்னைத் திட்டாத, எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க."

"நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கலையே, கேவின்."

அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி, இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். அந்தி சாய்ந்தால் சாலையோரப் புல்லுக்குக் கங்காருக்கள் வந்துவிடும். அதற்காகவே யூட்டின் முன்பக்கத் தடுப்புச் சட்டத்தில் மெர்வ் நான்கு பெரிய விளக்குகளைப் பூட்டியிருந்தான். ஹெட்லைட் சுவிட்சை இழுத்தால் அவையும் சேர்ந்து எரியும். எதிரே வண்டி வருவதே அபூர்வம் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை. ஊருக்குள் நுழையும்போது மட்டும் பப் வாசலில் நிற்பவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு, "மெர்வ் வந்துட்டான், சூரியன் உதிச்சிருச்சு" என்பார்கள். மெர்வுக்கு அதில் ஏகப் பெருமை.

ஜூன் முதல் வாரம் ஒரு நாள், இருட்டில் திரும்பும்போது வண்டிக்குள் மீன் கருகுகிற நாற்றம் அடித்தது. இருக்கைக்கு அடியில் பழைய தூண்டில் இரை ஏதும் கிடக்கிறதா என்று ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தேடினாள். நாற்றம் சுவிட்சிலிருந்து வந்தது. தொட்டவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. வண்டியை நிறுத்தினாள். ஒரு கங்காரு சாவகாசமாகச் சாலையைக் கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் தாமாக எரிந்தன. அன்று ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தாள்.

பெட்ரோல் நிலையத்தை ஒட்டிப் பட்டறை வைத்திருந்த டாஸா சுவிட்சைக் கழற்றிப் பார்த்தான். மெர்வோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவன். பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது.

"வயசாயிருச்சு" என்றான்.

"எனக்கா, சுவிட்சுக்கா?"

"சுவிட்சுக்குத்தான் நோலீன்."

புது சுவிட்ச் மூன்று வாரம் தாங்கியது. அடுத்தது அதைவிடச் சீக்கிரம் உருகியது. "இப்பல்லாம் சாமான் தரமா வர்றதில்ல" என்றான் டாஸா. பப் வாசல் கூட்டம் பீர் கேனும் கையுமாக யூட்டைச் சூழ்ந்துகொண்டது. வண்டித் தட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள்: ஈரம் என்றான் ஒருவன், பேட்டரி என்றான் இன்னொருவன், புழுதி என்றான் மூன்றாமவன். ஒருவரும் முன்பக்கம் போய் அந்த நான்கு விளக்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோலீன் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது சுவிட்சும் கருகிய வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பண்ணைகளுக்குத் தபால் போகவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கேவின் கூப்பிட்டுவிட்டான்.

"இது முதல் தடவைன்னு விடறேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

போனை வைத்துவிட்டு யூட்டின் சக்கரத்தை ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது. பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் அடிமூடியைத் திறந்து, இருக்கையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டாள். காது மடலில் செம்மண் கொட்டியது. மெர்வையும் அவன் பெற்றோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒவ்வொரு கம்பியாக விரலால் பிடித்துப் போனாள்.

சுவிட்சுக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒரு முட்டை அளவுக்குச் சுற்றியிருந்தது. பிரித்தாள். ஹெட்லைட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியோடு, நான்கு விளக்குகளுக்கும் போகும் கம்பியை மெர்வ் அப்படியே முறுக்கி விட்டிருந்தான். நான்கு விளக்குகளின் மின்சாரமும் கட்டைவிரல் அளவு சுவிட்சுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பியூஸ் அடிக்கடி போய்த் தொல்லை கொடுத்திருக்கும் போல. அதற்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருந்தான். வண்டி தீப்பற்றாமல் இருந்ததே பெரிய காரியம்.

வெட்டிய கம்பித் துண்டையும் டேப் உருண்டையையும் கொண்டுபோய் டாஸாவின் மேசையில் போட்டாள்.

"இதை நீ பாக்கவே இல்லையா?"

டாஸா தன் பூட்ஸைப் பார்த்தான்.

"பாத்தேன்."

"எப்போ?"

"முதல் தடவையே."

"மூணு சுவிட்ச் மாட்டினியே, நாசமாப் போறவனே! ஒரு வார்த்தை சொல்ல மாட்டே?"

"அது மெர்வ் கையால செஞ்சது, நோலீன். ஒருத்தன் ஊர்ல இல்லாதப்ப அவன் வண்டி வயரிங்ல போய் எப்படிக் கை வைக்கறது? அதுவும் அவன் பொண்டாட்டிகிட்டயே அவன் வேலையைக் குறை சொல்லிக்கிட்டு... நல்லா இருக்குமா? திரும்பி வந்து அவனே பாத்துக்குவான்னு எல்லாரும்..."

"எல்லாருமா? அப்போ அந்தப் பப் கூட்டத்துக்கும் தெரியுமா?"

டாஸா கழுத்தைச் சொறிந்தான்.

நோலீனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது. இருட்டில் கங்காருக்களுக்கு நடுவே ஒருத்தி குருடியாக நிற்கிறாள். ஊர் ஆண்களுக்கோ மெர்வின் மானம் பெரிதாகப் போய்விட்டது.

"நல்லாக் கேட்டுக்க டாஸா. ஓட்டறது நான். பெட்ரோல் போடறது நான். கருகுனது என் விரல். அது என் யூட். என் யூட்டுக்கு என்ன செய்யணும், சொல்லு."

டாஸா எழுந்து அலமாரியிலிருந்து தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தான்.

"ரிலே. சுவிட்ச் இதுக்கு உத்தரவு மட்டும் போடும். விளக்குக்குப் போற கரண்டு பேட்டரில இருந்து தடிச்ச கம்பில நேரா வரும், சுவிட்ச் பக்கமே போகாது. ஒரிஜினல் பியூஸ் போடணும். ஒரு மணி நேர வேலை."

"ஒரு மணி நேர வேலையா? ஜூன்லேர்ந்து என்னை அலைய விட்டியேடா!"

"டீ குடிக்கிறியா?"

"போடு. ரிலேயை நானே மாட்டறேன். நீ பக்கத்துல நின்னு, தப்பாப் போனா வாயைத் திறந்து சொல்லு. சொல்லுவேல்ல?"

சொன்னான், இரண்டு முறை. இரண்டாவது முறை கொஞ்சம் அதிகமாகவே சொன்னான். அதற்கும் திட்டு வாங்கினான்.

செவ்வாய்க்கிழமை இருட்டிய பிறகு, திரும்பும் வழியில், கைகாட்டி மரத்தருகே வண்டியை நிறுத்திச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் தொட்டாள். மீதிக் குளிர்காலமும் அப்படியே ஓடியது. ஒரு பண்ணைக்கும் தபால் தவறவில்லை. செப்டம்பரில் ஒப்பந்தம் நோலீன் ஹாக்கெட் பெயருக்கு மாறியது. பப்பில் அவளுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். மெர்வின் வயரிங் பற்றி அன்றும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடக் குளிர்காலமும் வந்து முடியப் போகிற சமயம். பண்ணை ஒன்றின் வாசலில் ரொட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் சிணுங்கியது. தெரியாத எண். குறுஞ்செய்தி.

"சொல்ல மறந்தே போச்சு. யூட்ல லைட்டை ரொம்ப நேரம் சேந்தாப்புல போடாத. சுவிட்ச் சூடாகும். நடுவுல நிறுத்தி ஆறவிட்டுப் போ. மெர்வ்."