உயிரோடு தாண்டிய இடம்

கோரலி டிரான்டர் பள்ளிப் பேருந்து ஓட்டிய சாலைக்கு ஒரு பக்கம் மலைக்காடு, மறுபக்கம் கடலோரக் காடு. பறக்கத் தெரியாத, நீலக் கழுத்துள்ள ஆளுயரக் கேசோவரிப் பறவைகள், பழம் உதிரும் பக்கமாக இந்தச் சாலையைத் தாண்டித் தாண்டிப் போய்வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு தகப்பன் பறவை பேருந்தை மறித்து நின்றது; இந்த இனத்தில் குஞ்சு வளர்ப்பது ஆண்தான். கடைசிக் குஞ்சு தாண்டும்வரை அது இம்மியும் நகரவில்லை. அன்று பிடித்த பித்து கோரலியை விடவேயில்லை. இருக்கையின் பக்கத்தில் ஒரு வரைபடத்தை ஒட்டி, பறவை தாண்டிய இடத்திலெல்லாம் புள்ளி வைத்தாள். பதினான்கு வருடத்தில் ஐந்நூறு புள்ளிகள் சேர்ந்தன.

பிறகு அந்தச் சாலையை நான்கு வழியாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஊர்க் கூட்டத்தில் பொறியாளர் பெவன் லாக்ஸ்லி, பறவைகள் அதிகம் அடிபடும் வளைவில் சுரங்கப்பாதை போடுவதாக விளக்கினார். கூட்டத்தில் வாயே திறந்திராத கோரலி எழுந்துபோய் மேசையில் வரைபடத்தை விரித்தாள். புள்ளிகளில் பெரும்பாலானவை வளைவைத் தாண்டி, சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் குவிந்திருந்தன.

"பெவன், நீ செத்த இடத்தை எண்ணியிருக்கே. நான் உயிரோட தாண்டின இடத்தை எண்ணியிருக்கேன்."

"பஸ்காரி பறவை டாக்டராயிட்டா போல," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. கோரலிக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. வளைவில் வண்டி வருவது தெரியாது, அதனால் அங்கே போகிற ஒன்றிரண்டும் சாகின்றன. ஓடைப் பக்கமோ இருபுறமும் காடு சாலைவரை வருகிறது. நேர்ச்சாலை, பறவையைப் பார்த்ததும் எல்லோரும் நிறுத்துகிறார்கள். நான்கு வழியானால் யார் நிறுத்துவார்கள் என்று கேட்டாள்.

பெவன் சிரிக்கவில்லை. இரண்டு இடத்திலும் மூன்று மாதம் கேமரா வைத்தார். வளைவில் இரண்டு பறவை, ஓடையில் அறுபத்தொன்று. அவரே பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, "தோத்துட்டேன் கோரலி. சுரங்கப்பாதையை ஓடைக்கு மாத்தி வரையறேன்," என்றார்.

ஓடையோரச் சுரங்கப்பாதை செப்டம்பரில் திறந்தது. பத்தொன்பது நாள் ஒரு பறவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கோரலிக்குச் சோறு இறங்கவில்லை. இருபதாம் நாள் மதியம் கடல் பக்க வாசலருகே புதரில் பதுங்கியிருந்தாள். தலைக்குமேல் கரும்பு லாரிகள் தடதடத்தன. இருட்டுக்குள் ஒரு நீலக் கழுத்து அசைந்தது. தகப்பன் வெளியே வந்தது. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று வரிக்குஞ்சுகள். கத்திவிடாமலிருக்கத் தொப்பியைக் கடித்துக்கொண்டாள்.

அவை காட்டுக்குள் மறைந்ததும் பெவனைப் போனில் அழைத்தாள்.

"வந்துருச்சு, குஞ்சு மூணோட. வாசல்லயே எச்சம் போட்டிருக்கு, பூரா மலைப்பழக் கொட்டை. முட்டை அளவு கொட்டையை வேற யாரு முழுங்கி இவ்வளவு தூரம் தூக்கிட்டு வருவா? இதெல்லாம் இங்க மொளைக்கும். காடே நடந்து வருது பெவன். நீ உடனே கெளம்பி வா."