குழாயடியில் ஒட்டிய படக்கதை

நாளைக்குத் தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு காமிக்ஸ் விழா. அங்கே நான் புத்தகம் விற்கும் மேசைக்குப் பின்னால் மாட்ட ஒரு படம் வரையலாமென்று மைப் புட்டியைத் திறந்தேன். அந்த வாசனை என்னை அறுபதுகளில் நாங்கள் குடியிருந்த கல்மண்டபம் பகுதிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. மீன் விற்கும் பிலோமினாக்கா குழாயடியில் சண்டை போடுவதைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைக் கேட்காமலே மைதாப் பசை தடவி, அதைக் குழாயடிச் சுவரிலேயே ஒட்டிவிட்டாள். குடத்தோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, கவிச்சி வீசும் கூடையோடு பிலோமினாக்கா வந்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

“இன்னாடி இது? நானா?”

நான் அம்மாவின் பின்னால் பதுங்கினேன். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மூஞ்சி நல்லாத்தான் கீது. எம்மூக்குத்தி எங்கடி? அதயும் வரஞ்சி வுடு” என்றாள் கடைசியில்.

எத்தனையோ புத்தகம் போட்டாகிவிட்டது. ஆனாலும் ஒருவர் என் படக்கதையைக் கையில் எடுத்து, ஒன்றும் பேசாமல் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை இன்னும் என்னால் தாங்க முடிவதில்லை. நாளைக்கு முழுநாளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.