எரிந்தது எந்தப் பட்டா

காலை ஐந்தேகால். அந்தமானில், சௌல்தாரியில் என் தங்கை வீட்டுப் பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு சக்கரங்கள். இரண்டும் தரையில் இல்லை. அவற்றுக்குப் பின்னால், பாக்கு காயவைக்கும் களத்தின் நடுவில், தங்கையின் கணவர் ஏடிவி வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய மல்லாந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். தலையில் ஹெல்மெட் இருந்தது. காலில் ரப்பர் செருப்பு.

நான்கு தடித்த சக்கரங்களும் பச்சை நிறமுமாக இருக்கும் அந்த வண்டிக்குத் தங்கை வைத்த பெயர் தவளை. போன சீசனுக்கு முன்னால் வாங்கியது. மெயின்லேண்டிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாக்குத் தோப்பையும் வயலோரத்தையும் சுற்றிக்காட்டுவது மாப்பிள்ளையின் திட்டம். திட்டத்தில் பிழையில்லை. தோப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் பாக்கு மரத்தை வீடியோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் ஒரு புதுமணத் தம்பதி இறங்கி நின்றபோது, இவர் மேட்டில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட, முன்சக்கரங்கள் எழும்பின. அவர் நினைத்துச் செய்ததல்ல. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சவாரி கேட்கவில்லை. “அந்த முன்னாடி தூக்குறதைக் காட்டுங்க சார்” என்றார்கள். ஊரைச் சுற்றிக்காட்ட வாங்கிய வண்டி, நின்ற இடத்திலேயே பிழைக்கத் தொடங்கியது.

இது வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதில் காலால் மாற்றும் கியர் கிடையாது. எஞ்சினின் சுழற்சியை ஒரு ரப்பர் பெல்ட் வாங்கி கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் கொடுக்கிறது. வண்டி ஓடினால் உள்ளே காற்று போய்க் குளிரும். நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவைத்து, சட்டென்று தூக்கினால், பெல்ட் பிடிமானம் இல்லாமல் வழுக்கித் தேய்ந்து சூடாகிறது. கிளட்ச்சும் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிலேட்டரை விடாமல் இறக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களுக்குப் போகிறது. கூட்டம் கைதட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் பெல்ட் எரிந்தபோது தங்கை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது எரிந்தது சீசன் நடுவில். சென்னையிலிருந்து பெல்ட் வரவேண்டிய கப்பல் புயலால் தள்ளிப்போனது. தவளை தார்ப்பாய்க்கடியில் களத்தை அடைத்துக்கொண்டு கிடக்க, பாக்கு காயவைக்க இடமில்லாமல் ஒரு பகுதி பூசணம் பிடித்தது. அன்று அவள் நிபந்தனை போட்டாள்.

“இன்னொரு பெல்ட் எரிஞ்சுதுன்னா தவளையை வித்துரணும். அண்ணே, நீதான் சாட்சி.”

மாப்பிள்ளை தலையாட்டினார். விற்பதற்கு அவருக்கு மனமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டியில் ஏறினால் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. பாக்கு வியாபாரத்தில் அது கிடைப்பதில்லை.

அன்று காலை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் பொத்தென்று இறங்கின. எஞ்சின் இரண்டு மடங்கு சத்தத்தில் கத்தியது, வண்டி நகரவில்லை. பக்கவாட்டு மூடியிலிருந்து வெள்ளைப் புகையும் ரப்பர் கருகும் வாடையும் வந்தன. அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் என்னைப் பார்த்தார்.

“மச்சான், எப்ப எந்திரிச்சீங்க?”

“முன்சக்கரம் மேல இருக்கறப்ப.”

“அவ?”

“தூங்குறா.”

அவர் கொஞ்சம் தெளிந்தார். “சென்னையில ஒரு பெல்ட் ஏற்கெனவே சொல்லிவச்சிருக்கேன். கப்பல்ல வந்துரும். அதுவரைக்கும் வண்டி ஆயில் மாத்தப் போயிருக்கு.”

“நான் சாட்சி, மாப்பிள்ளை.”

“சாட்சி, கேட்டாத்தானே சொல்லணும்?”

பக்கத்து வீட்டுப் பிக்கப்பில் தவளையை ஏற்றிக்கொண்டு, போர்ட் பிளேர் போகும் சாலையில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். தோப்புக்குள் சவாரி நடத்த பஞ்சாயத்தில் அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு நிலப் பட்டாவின் ஜெராக்ஸ் வேண்டும்; வண்டியை விட்டுவிட்டு அப்படியே கடைத்தெருவில் எடுத்துவருவதாகச் சொன்னார். புறப்படும்போது தங்கையே பீரோவிலிருந்து பட்டாவை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். “பத்திரம்” என்று இரண்டு முறை சொன்னாள்.

பத்து மணிவாக்கில் அவள் போன் அடித்தது. ஒர்க்‌ஷாப் மெக்கானிக். தெலுங்குக்காரர், ஆனால் தீவில் எல்லோரிடமும் போல அவளிடமும் இந்திதான். கை மாவாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாபி, பையா கா ஃபோன் நஹி லக் ரஹா. போல் தேனா, பட்டா பூரா ஜல் கயா.”

இந்தியில் மெக்கானிக்குகளுக்குப் பட்டா என்றால் பெல்ட். அண்ணி, உங்கள் வீட்டுக்காரரின் போன் கிடைக்கவில்லை, பெல்ட் முழுக்க எரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்கிறார். தங்கைக்கு இந்தி சரளமாக வரும். ஆனால் அது கடையிலும் பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் பழகிய இந்தி. ஒர்க்‌ஷாப் இந்தி அல்ல. அவளே தன் கையால் கவரில் போட்டுக் கொடுத்த பட்டா ஒன்று வெளியே போயிருந்தது. நான் வாயெடுப்பதற்குள் அவள் அதே ஸ்பீக்கரில் கணவருக்குப் போன் போட்டுவிட்டாள். இந்தத் தடவை கிடைத்தது.

“ஏங்க, பட்டா எரிஞ்சு போச்சாமே?”

“யாரு சொன்னா?”

“மெக்கானிக்கு. பூராவும் எரிஞ்சு போச்சுங்கறாரு.”

“ஆமா. தெரியாம நடந்துபோச்சு.”

“கவர்ல போட்டுத்தானே குடுத்தேன். எப்படிங்க எரியும்?”

எந்தப் பட்டா என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் நிலம், மறுபக்கம் தவளை. யோசிக்க அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“வெல்டிங் வச்சிட்டிருந்தான். பொறி தெறிச்சிருச்சு.”

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணே, நிலம் போயிருமா?”

“போகாது. ரிக்கார்ட் எல்லாம் தாசில் ஆபீஸ்ல இருக்கும். வேற பிரதி வாங்கிக்கலாம்” என்றேன். அது உண்மை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

மதியம் மாப்பிள்ளை வெறுங்கையோடு, சாவு வீட்டுக்குப் போய்வந்தவரின் முகத்தோடு வந்தார். தங்கை சண்டை போடவில்லை. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, “காகிதம்தானே. உங்க மேல பொறி படாம இருந்துச்சே, அதைச் சொல்லுங்க” என்றாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மூன்றாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். நிலப் பட்டாவை எரித்தவருக்கு அந்த வீட்டில் இவ்வளவு பரிவு கிடைக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெல்ட்டை எரித்தவருக்குக் கிடைத்திருக்காது.

அந்தப் போனுக்குப் பிறகு அவர் மெக்கானிக்கின் ஷெட்டுக்குத் திரும்பிப்போய், உண்மையான பட்டாவைத் தவளையின் சீட்டுக்கடியில் மறைத்துவைத்திருந்தார். பெல்ட் வரும்வரை வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கும் என்பது அவர் கணக்கு. மெக்கானிக்கின் வழக்கம் வேறு. பாகம் வராத வண்டியைத் தன் ஷெட்டில் இடமடைக்க விடமாட்டார். சாயங்காலம் அவரே தவளையைப் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்து களத்தில் இறக்கினார். தங்கை வெளியே வந்தாள்.

“பாபி, யே காகஜ் சீட் கே நீச்சே மிலா. சம்பால் கே ரக்னா” என்று, சீட்டுக்கடியில் கிடைத்த காகிதத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லிப் பிளாஸ்டிக் கவரை நீட்டினார். பிறகு சட்டைப்பைக்குள் அடங்காமல் தொங்கிக்கொண்டிருந்த, நார்நாராகப் பிய்ந்த கறுப்பு ரப்பரை உருவினார். “ஔர் யே, ஜலா ஹுவா பட்டா.” இது எரிந்த பட்டா.

அவரிடம் சொல்ல இன்னும் இருந்தது. கிளட்ச்சும் தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது; புது பெல்ட் போட்டாலும் பிடிக்காது. கியரில் ஒரு பல் உடைந்திருக்கிறது. பிக்கப்பில் ஏறப்போனவர் திரும்பி, “பையா இஸ்மே சர்க்கஸ் கர்தே ஹைன் க்யா?” என்று கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் இதில் சர்க்கஸ் விடுகிறாரா? கிண்டலாகத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குள் களத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை தார்ப்பாயைத் தேடத் தொடங்கினார்; மெக்கானிக் போய்விட்டார்.

தங்கை இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வலது கையில் நிலம். இடது கையிலிருந்து கரி உதிர்ந்தது.

“அவன் இந்தியில சொன்னதுல வந்த குழப்பம்” என்றார் மாப்பிள்ளை.

“வெல்டிங் பொறியும் இந்தியிலயா தெறிச்சுது?”

அவர் வேறு வழியில் போய்ப் பார்த்தார். “நீ அன்னைக்குப் பெல்ட்டுன்னுதானே சொன்னே? எரிஞ்சது பட்டான்னு அவனே சொல்றான்.”

அவளுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கியதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அவள் திரும்பியது என் பக்கம். “அண்ணே, சாட்சி என்ன சொல்லுது?”

கேட்டுவிட்டாள்.

“பெல்ட்டுதான்” என்றேன்.

“மச்சான்” என்றார் மாப்பிள்ளை. தங்கை பட்டாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். எரிந்த பெல்ட்டைக் களத்து மூங்கில் கம்பத்தில் மாட்டினாள்.

தவளையைத் தென்கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் வாங்கினார். தேங்காய் ஏற்ற வேண்டுமாம். என்னென்ன உடைந்திருக்கிறது என்று தங்கையே அவரிடம் போனில் சொன்னாள். கப்பல் துறையில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கப்பலில் ஏற்றும்போது மாப்பிள்ளை ஹெல்மெட்டையும் அதன் கைப்பிடியில் மாட்டி அனுப்பிவிட்டார். அந்த வாரமே மெயின்லேண்டிலிருந்து ஒரு குடும்பம் வீடியோவைக் காட்டி வழி கேட்டுக்கொண்டு சௌல்தாரி வந்தது. தங்கை அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை தோப்பை நடந்தே சுற்றிக்காட்டினார்.

சென்னையில் சொல்லிவைத்திருந்த பெல்ட் அதற்கடுத்த கப்பலில் வந்து சேர்ந்தது.