சூரிபாபு வெட்டிய ஆறு நிமிடம்

எங்கள் ராஜோலு ஊர்த் தியேட்டரில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்த சூரிபாபு, ஒரு படத்தையும் ஒழுங்காகப் பார்த்தவர் இல்லை. புரொஜெக்டர் பக்கத்துச் சின்ன ஜன்னலில் முகத்தை வைத்து அவர் பார்த்ததெல்லாம் ஜனங்களை. படம் எப்படி என்று கேட்டால், "பால்கனியில நாலு பேர் இருமுறாங்க, ரெண்டு வாரம் தாங்காது" என்பார். தாங்காது. பதினாறு வயதில் சைக்கிளில் ரீல் பெட்டி தூக்க வந்தவர், இயந்திரச் சத்தத்தில் இடது காது மந்தமாகி, கையெல்லாம் சூட்டுத் தழும்போடு அங்கேயே நரைத்துப்போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், நாலு காட்சிக்கு நடுவில் முகூர்த்தம் எங்கே இருக்கிறது என்பார்.

நான் புல்லய்யா, அதே தியேட்டரில் கேன்டீன் நடத்தியவன். நாக்கு நீளம், பொறுமை குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பு செய்தவன் நான்தான்.

அந்த வருடம் என் மனைவி நாகமணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் பக்கம் வீதிக்கு நாலு பெண்கள் அப்படிப் போவார்கள். ஏழு வயது மகள் ஹாரிகா அழுது ஊரைக் கூட்டுவாளே என்று, அவள் தூங்கும்போதே விடியற்காலையில் நாகமணியை வண்டி ஏற்றிவிட்டேன். அது என் யோசனை. அதன்பிறகு பதினோரு மாதம், வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். ஹாரிகா ஓடிப்போய்க் கால்வாய்க் கரையில் நின்றுகொள்வாள். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு தடவை அடித்தும் விட்டேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாகமணி ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: "பக்கத்துல இருக்காளா? மூச்சுச் சத்தமாவது கேக்கட்டும்."

கோடை விடுமுறையில் ஒரு மாயாஜாலப் படம் வந்தது. கிழிந்துபோன வானத்தைத் தைக்க ஒரு தாயை மேகராஜா கூட்டிப்போய்விடுகிறான். கீழே அவள் மகளும், எருமை அளவுக்கு வளர்ந்த ஒரு கோழியும் மிச்சம். "அந்தக் கோழிக்குத் தவிடு லாரியிலயா வருது?" என்று என் கடையில் டீ குடிக்கிற அப்பன்மார் எல்லாரும் கேட்டார்கள். பிள்ளைகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. வாள் சண்டைக்கு அப்பன்மார் விசிலடித்தார்கள். சரியாக அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு வரும்.

இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஒரு காட்சி. அந்தச் சிறுமி ஆற்றங்கரையில் உட்கார்ந்து, காலிப் பானைக்குள் வாயை வைத்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொல்கிறாள். என்ன சாப்பிட்டாள், யார் கிள்ளினார்கள், கோழி எங்கே தூங்கியது. பிறகு பானை வாயைத் துணியால் கட்டி வானத்துக்கு மிதக்க விடுகிறாள். ஆறு நிமிடம். பாட்டில்லை, சண்டையில்லை. பெரியவர்கள் மொத்தமும் எழுந்து என் கடைக்கு வந்துவிடுவார்கள்.

வியாபாரிக்கு அது நல்லதுதானே என்பீர்கள். அப்போதே டீயைக் குடித்துவிடுவதால் இடைவேளைக்கு ஒருவரும் வருவதில்லை. சுடச்சுடப் போட்டு வைத்த மிளகாய் பஜ்ஜி ஆறிச் சவசவத்துப்போகும். பொறுக்க முடியாமல் முதலாளி ராஜு காருவிடம் போனேன்; எங்கள் பக்கம் ஐயா என்பதற்குக் காரு என்போம்.

"அந்தப் பானை சீனை எடுத்துடுங்கய்யா. ஜனம் தாங்கல."

சூரிபாபுவைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "வேணாங்கய்யா. அந்த ஆறு நிமிஷம் பிள்ளைங்க மூச்சு விடாம உக்காந்திருக்குதுங்க. இத்தனை வருஷத்துல நான் அப்படிப் பாத்ததில்ல."

"டிக்கெட் வாங்குறது பிள்ளைங்களா, அப்பனுங்களா?" என்றார் ராஜு காரு.

சூரிபாபு பிளேடை எடுத்து வெட்டினார்.

மறுநாள் மேட்னியில் அந்த இடம் வந்தது, போனது. முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை "பானை எங்க?" என்றது. பிறகு நாலு, பிறகு பத்து. "எந்தப் பானைடி?" என்று கேட்டார் ஒரு அப்பா. இரண்டு நாள் முன்னால் அதே படத்தைப் பார்த்தவர்தான் அவர். நான் பஜ்ஜி மொத்தத்தையும் விற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

காட்சி முடிந்ததும் சூரிபாபு கீழே இறங்கி வந்தார். "புல்லய்யா, உன் பொண்ணு மேல என் ரூம்ல இருக்கா. வா."

ஹாரிகா ரீல் பெட்டிமேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சூரிபாபு என்னைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"பத்து நாளா வர்றா. முழுப் படம் இல்ல, அந்த ஆறு நிமிஷம் மட்டும். ஜன்னல்ல மூக்கை வெச்சுக்கிட்டு உதட்டை அசைப்பா. படத்து வசனம்னு நெனச்சேன். 'அம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு'ன்னா. படத்துல அப்படி வசனமே கெடையாதுய்யா."

பல் விழுந்தது எனக்கே தெரியாது.

"இன்னிக்குச் சீனைக் காணோம்னதும், 'சித்தப்பா, இனிமே எப்படி அனுப்புறது?'ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றேன்.

"தெரியும். பஜ்ஜிக்குத்தானே."

அறைக்குள் திரும்பிப் போனார். வெட்டிய துண்டைத் தகர டப்பாவில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்றேன். "தெரியுற வரைக்கும் ஓடட்டும்" என்று பிலிம் சிமெண்டைத் தொட்டு ஒட்டினார்.

மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் கூட்டமாக வெளியே வருவதைப் பார்த்து ராஜு காரு படிக்கட்டடியில் நின்று சத்தம் போட்டார். சூரிபாபு தலை குனிந்து நின்றார். நான் கரண்டியோடு ஓடினேன்.

"நான்தாங்க ஒட்டச் சொன்னேன். பானை சீனுக்கே பஜ்ஜி போட்டா நல்லா ஓடுது."

அது பொய்யுமில்லை, முந்தின நாளிலிருந்து நான் அடுப்பைப் பதினைந்து நிமிடம் முன்னால் பற்றவைக்கத் தொடங்கியிருந்தேன்.

"அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா? வெட்டுறதா இருந்தா உன் நாக்கைத்தான் வெட்டணும்," என்று ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சூரிபாபு காலமாகி நாலு வருடம் ஆகிறது. அவருக்கு நான் ஒருநாளும் வாயால் நன்றி சொன்னதில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். என் வீட்டில் பெண்டாட்டியும் மகளும் இன்றைக்கு ஓயாமல் சண்டை போட்டுக்கொள்வது அவர் கொடுத்தது.

வெட்டிய துண்டை அவர் ஒட்டிய அந்த வாரம், வெள்ளிக்கிழமை போன் வந்தது. ஹாரிகா எழுந்து ஓடினாள். கால்வாய்க்குத்தான் என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து பித்தளைச் செம்போடு திரும்பி வந்தாள். என் கையிலிருந்த போனை வாங்கிச் செம்புக்குள் போட்டு, விளிம்பில் வாயை வைத்தாள்.

"அம்மா, பூனை நாலு குட்டி போட்டுச்சு. எனக்கு ரெண்டு பல்லு விழுந்துடுச்சு. அப்பா சாம்பார்ல உப்பு ஜாஸ்தி." செம்பை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். "நீ போனப்போ நான் தூங்கல. முழிச்சுதான் இருந்தேன்."

பிறகு பாவாடை நாடாவால் ஒரு துணியைச் செம்பு வாயில் கட்டி, என்னிடம் நீட்டினாள். கட்டை அவிழ்த்துப் போனைக் காதில் வைத்தேன். நாகமணியின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.