மாலை விழுந்த முகம்

உயிரோடு இருக்கிற ஒருத்தியின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, ஊரே பார்க்கும்படி டிவியில் காட்டினார்கள். அந்த ஒருத்தி நான்தான். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டிய கை இது. மைதாப் பசையைத் தொட்டுத் தொட்டு விரல்நுனி வெளுத்துக் கிடக்கும். லேபிளில் கிளி இருக்கும், மயில் இருக்கும், சில நேரம் யாரோ ஒரு சினிமாக்காரி சிரித்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒருத்தியை ஒட்டும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்: "ஒரு நாளைக்கு எம் மூஞ்சியவும் நீ ஒட்டுவ, பாரு." அவள் சிரித்த சிரிப்பில் பசைச் சட்டி கவிழ்ந்து, இரண்டு பேரும் கணக்குப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினோம். அவர் ஏசியது மறந்துவிட்டது. அவள் சிரித்தது மறக்கவில்லை.

திருவிழாவுக்கு நாடகம் போட வந்த ஒரு கோஷ்டியோடு சென்னைக்குப் போனேன். எவன் சிபாரிசும் இல்லை. கும்பலில் ஆடினேன். கதாநாயகிக்குத் தோழியாகக் குடம் தூக்கினேன். என்னைவிட மூத்த ஆளுக்கு அம்மாவாக நடித்தேன். என் தலையில் வெள்ளை அடித்துவிடுவார்கள், அவன் தன் தலையில் கறுப்பு அடித்துக்கொண்டு வருவான். "மகனே" என்று கட்டிக்கொண்டு அழுதால் அவன் சாயம் முழுக்க என் சேலையில். வசனத்தை ஒருத்தர் ஒரு தடவை வாசித்தால் போதும், எனக்கு நெஞ்சில் ஏறிவிடும். காலேஜ் படித்ததுகள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திக்கித் திணறும். எனக்கு இன்னொருத்தி குரல் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

பிறகு சீரியல் வந்தது. மாமியார் வேடம். தமிழ்நாட்டில் நான் நுழையாத வீடு இல்லை. ஒரு முறை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி என் கையில் ஓங்கி அடித்தாள். "அந்தப் பிள்ளைய எதுக்குடி இந்தப் பாடு படுத்துத?" என்றாள். அந்த அடியைவிடப் பெரிய விருதை எவனும் எனக்குத் தந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி என்னைத் தேடி வந்தார். என் தங்கை அவர் கம்பெனியில்தான் லேபிள் பிரிவில் வேலை பார்க்கிறாள். "அக்கா, உங்க முகத்தப் போட்டு ஒரு வெடி விடப் போறேன். பேரு மாமியார் வெடி. சத்தம் ஊரத் தூக்கிரும்" என்றார். காசு கீசு வேண்டாம், முகத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வெடியைச் சுற்றி ஒட்டுகிற லேபிள் அது. முறைத்துப் பார்க்கிற என் முகம், நெற்றி நிறையக் குங்குமம், மூக்குத்தி மின்னுகிறது. மாதிரிக்கு ஒரு பாக்கெட் கொடுத்தார். அதைத் தங்கை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஏன் காட்டக்கூடாது? நான் ஒட்டின லேபிளில் எவளெவளோ சிரித்தாள். இப்போது என் தங்கை என்னை ஒட்டுகிறாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நான் வராத வருஷமில்லை. அந்த வருஷம் புதிதாக வந்த டைரக்டர் லீவு தரமாட்டேன் என்றான். என் பேரன் வயதுதான் இருக்கும். "மேடம், நீங்க போனா போட்டோவுக்கு மாலை போட வேண்டியதுதான்" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்த மேனேஜரும் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்துப் பஸ் ஏறிவிட்டேன்.

நானும் தங்கையும் ஆற்றுமணலில் பொங்கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து அடுப்புக்காரி என்னையும் தன் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, "ஏத்தா, நீங்க தவறிட்டதா இதுல காட்டுதாகளே?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். சட்டம் போட்ட என் படம், கனமான ரோஜா மாலை, முன்னால் குத்துவிளக்கு. சீரியலில் எனக்கு மருமகளாக வருகிறவள் விளக்கேற்றிவிட்டு விம்முகிறாள். அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த அழுகைதான், பாதியை மறந்துவிட்டாள்.

என் தங்கை செல்போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "துப்புக்கா, மூணு தடவ துப்பு!" என்றாள். துப்பினேன். அந்த டைரக்டர் முகத்தை நினைத்துக்கொண்டு துப்பினேன்.

வேலை போனதற்காக நான் கலங்கவில்லை. வேலையை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நானாகத் தேடிக்கொண்டதுதான். ஆனால் தங்கை வீட்டிலேயே நான் தங்கியிருந்த மறுவாரம், அவள் வேலை முடிந்து வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"உன் லேபிள நிப்பாட்டிட்டாக. ஒட்டுனதுக்கு மேலயே கிளி லேபிள ஒட்டச் சொல்லிட்டாக."

ஆட்டோ பிடித்து நேரே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். சிவப்புச் சேலை, தலை நிறைய மல்லிகை, லேபிளில் இருக்கிற அதே மூக்குத்தி. முதலாளி எழுந்து நின்றார். "வாங்கக்கா, வாங்க. காப்பி சாப்பிடுதீகளா?"

"செத்தவளுக்கு எதுக்குய்யா காப்பி?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் என்னக்கா பண்ண? நம்மூரு ஏஜெண்டுமாரு அம்புட்டுப் பேரும் போன் போட்டுட்டாக. விளக்கேத்துன முகத்தத் தீவாளி அன்னிக்கு எவன் வாசல்ல வச்சுக் கொளுத்துவான்னு கேக்காக. புதுத்துணி உடுத்திக்கிட்டு வெடிக்கிற சாமான்லா."

"நான் உங்க முன்னாடி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனா இல்லையா?"

"இருக்கீக."

"ஹீரோ படத்துக்குப் படம் சாகுதானே! கத்தியில குத்துப்பட்டுச் சாகுதான், குண்டடி பட்டுச் சாகுதான். அவன் படம் போட்ட டப்பாவ எவனாவது திருப்பி அனுப்புனானா?"

முதலாளி யோசிக்கவே இல்லை. "அவரு சும்மா செத்தாருக்கா. உங்களுக்கு மால விழுந்துருச்சே. சாகுறது வேற, மால விழுகுறது வேற."

எனக்கு இதில்தான் வயிறு எரிந்தது. சென்னைக்காரன் போட்டது பிளாஸ்டிக் ரோஜா மாலை, அவனுக்கு அது ஒரு நாள் ஷூட்டிங் சாமான். அதை நிஜமாக்கியது என் ஊர்க்காரர்கள். என்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், நான் தேரை வடம் பிடித்து இழுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள்தான் என்னை முழுசாகச் சாகடித்தார்கள்.

அவரே ஒரு வழியும் சொன்னார். "சீரியல்ல தங்கச்சி வேஷம்னு சொல்லித் திரும்ப வந்துருங்கக்கா. ரெட்டப்பிறவின்னு சொல்லிரச் சொல்லுங்க. தங்கச்சி முகத்துக்கு மால கெடையாதுலா? லேபிள அப்படியே ஓட்டிருவோம்."

சொல்லிவைத்தாற்போல இரண்டு நாளில் சீரியல் மேனேஜரின் போன் வந்தது. நான் போனதும் சீரியலைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். "மேடம், ட்வின் சிஸ்டர் கேரக்டர். நல்லவங்க. பாந்தமா ஒரு ரோல்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சரின்னு சொல்லுக்கா. வேலையும் வரும், லேபிளும் வரும். தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கு" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து அந்த மாதிரி பாக்கெட்டை எடுத்தேன். வெடிமேல் இருந்துகொண்டு என் முகம் என்னையே முறைத்தது. அது மாமியார் முகம். பஸ் ஸ்டாண்டில் பாட்டியிடம் அடி வாங்கிய முகம். பசைச் சட்டி முன்னால் உட்கார்ந்து நான் லேபிள் கேட்டது இந்த முகத்துக்கு. இன்னொருத்தி என்று பொய் சொல்லி ஒட்ட வைத்தால் அது யாருடைய லேபிள்? நல்லவளாம், பாந்தமாம். அந்த நல்லவளை எவனுக்குத் தெரியும்?

வாசலுக்கு வந்து, தெரு நடுவில் ஒரு வெடியை நிறுத்தினேன். எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கை ஓடி வந்தாள். "அக்கா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? உன் மூஞ்சிய நீயே கொளுத்துவியா?"

"வேற எவனும் கொளுத்த மாட்டேங்கான்லா? தள்ளி நில்லு."

ஊதுபத்தியால் திரியைத் தொட்டேன். முதலாளி சொன்ன ஒரு விஷயம் மட்டும் உண்மை, சத்தம் ஊரைத் தூக்கிவிட்டது. தெருமுனை டீக்கடையில் கிளாஸ் விழுந்து உடைந்ததாகப் பிறகு சொன்னார்கள். புகை விலகியதும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "ஏ, மாமியார் வெடியா அது? எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். எங்கும் கிடைக்காது என்றேன். பாக்கெட்டில் இருந்த மிச்ச வெடிகளையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். ஒன்றுகூடப் புஸ்ஸென்று போகவில்லை.

தங்கை முணுமுணுத்துக்கொண்டே காகிதத்தைக் கூட்டி அள்ளினாள். அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது. போய் எடுத்தவள், போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மேனேஜருக்கா. என்ன முடிவு பண்ணீகன்னு கேக்காரு."

"செத்தவ எப்படிப் போன்ல பேசுவான்னு கேளு" என்றேன்.