கார்டு கேட்கும் மேனேஜர்

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு அவர் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, கன்னடம் கலந்த தமிழ். யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் கழுத்தில் தொங்கும் அட்டையைத்தான் பார்ப்பார். சில வாரம் ஒப்பந்த வேலைக்குப் போய், அவரோடு தினமும் டீ குடித்த என்னிடமும் காலையில் கேட்பார்: "கார்டு காட்டுங்க சார்."

அங்கே ஊழியர்களின் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. மற்ற கணினிகள் பேசுவது அந்த அசல் சர்வரிடம்தானா என்று உறுதிசெய்துகொள்ள, சர்வருக்கு அடையாள அட்டை மாதிரி நான் ஒரு சர்டிபிகேட் போட்டுக் கொடுத்தேன். வேலை முடிந்து மறுவாரம் பார்க்கப் போனால், எல்லாக் கணினியிலும் 'சர்டிபிகேட்டைச் சரிபார்க்காதே' என்று மாற்றி வைத்திருந்தார். இனி எந்தப் போலி சர்வர் கேட்டாலும் அவை பாஸ்வேர்டை நீட்டிவிடும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தெரிஞ்ச என்னையே தினம் கார்டு கேக்குறீங்க. மெஷினுக்கு மட்டும் கார்டு கேக்காதேன்னு சொல்லி வச்சிருக்கீங்க!"

"சும்னே கத்தாதீங்க சார். செக் பண்ணா ரெண்டு மெஷின்ல லாகின் ஆகல. ஆகலேன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"ஒரு போன் பண்ணா சரி பண்ணியிருப்பேனே! பாஸ்வேர்டு திருடு போனா?"

"அதுக்கு உங்களத்தான் கேப்பாங்க. சர்டிபிகேட் போட்டது நீங்கதானே?"

பழையபடி மாற்றவும் அவர் விடவில்லை. கேட் வரை கூடவே வந்தார். எனக்குக் கொடுத்திருந்த தற்காலிக அட்டையைத் திரும்ப வாங்கி, அதிலிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போகிறவனை இவ்வளவு நேரம் எதற்குப் பார்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: நாளை யாரைக் கைகாட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.