பாறை ஏறும் ஷூ விற்ற பாடு

செருப்புக் கடை வியாபாரத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. மருந்துக் கடையில் கொடுக்கிற மாத்திரையை என்ன ஏது என்று கேட்காமல் விழுங்குகிறவர்கள்கூட, நான் எடுத்துக் கொடுக்கிற ஷூவைத் தட்டி, வளைத்து, முகர்ந்து, ஒட்டியதா தைத்ததா என்று நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் காலில் போடுவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வாங்கிப்போன பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் சிரித்துக்கொண்டு வந்தால் எனக்கு ஒரு சந்தேகம், முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு சந்தேகம். தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பதினோரு வருடமாக அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து சம்பாதித்த குணம் இது. கடை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிற அத்தனை பேருக்கும் இந்த அவஸ்தை புரியும். உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

பெரிய சைஸ் எங்கே?

அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் காலியாகக் கிடந்த குடோனுக்குள் பாறை ஏறப் பழகும் சுவர் ஒன்றைக் கட்டினார்கள். உயரமான பலகைச் சுவர், அதில் கலர் கலராகப் பிடிமானங்கள், மேலேயிருந்து தொங்கும் கயிறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிறவர் ரேவதி என்று ஓசூர்க்காரர். அவர் எங்கள் முதலாளியிடம் பேசி, புதிதாகப் பழகுகிற பெண்களுக்குத் தோதான, விலை குறைந்த ஷூவாகக் கொஞ்சம் வரவழைக்க வைத்தார். எனக்கும் அரை நாள் பாடம் எடுத்தார். விரல் நுனி ஷூவின் முனையைத் தொட வேண்டும், ஆனால் மடங்கக் கூடாது. குதிகால் ஆடக் கூடாது. அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், வளைந்த மாடல் எல்லாம் தேறியவர்களுக்கு. சாக்ஸ் வேண்டாம். கால் லேசாக வீங்கியிருக்கிற சாயங்காலத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், ஒன்றையும் நம்பவில்லை.

முதலில் வந்தவர்கள் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கிற மகளும். மகள் போட்டுக்கொண்ட ஷூவின் முன்பக்கத்தை அம்மா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இடம் இல்லை. ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டார். பெரிதாக இருந்தால் உள்ளே கால் வழுக்கும், சுவரில் நிற்காது என்று ரேவதி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மகள் எழுந்து நின்று பார்த்து, வலிக்கவில்லை, பிடிக்கிறது அவ்வளவுதான் என்றாள். அம்மா மகளையும் நம்பவில்லை. பெரிய சைஸ் ஸ்டாக் இல்லாததால் நான் கதை விடுகிறேன் என்று முடிவு செய்துகொண்டு, பில் போடும்போது பக்கத்தில் நின்றவரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "செருப்பு இறுக்கமா இருக்கறதே நல்லதுன்னு சொல்லி விக்கற கடைய இப்பத்தாங்க பாக்கறன்."

ரோஸ் கலர்

'லேடீஸ் மாடல்' என்று வந்த பெட்டியில் இருந்ததெல்லாம் ரோஸ் கலர். கலரைத் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று ரேவதியிடம் துருவித் துருவிக் கேட்டேன். குதிகால் ஒடுக்கம், பாதத்தின் மேல்பக்கம் தணிவு என்றார். ஒல்லிக் காலுக்கு அது சரி. நம் பக்கத்தில் செருப்பில்லாமல் காட்டிலும் வரப்பிலும் நடந்து வளர்ந்த கால்கள் அதிகம், முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். ஏரியூரிலிருந்து வந்த தையல்கார அம்மா ஒருவருக்கு லேடீஸ் மாடல் எந்த சைஸிலும் சுண்டுவிரலை நசுக்கியது. ஆண்களுக்கு என்று வந்த சாம்பல் கலர் ஜோடியைக் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. விலையும் கொஞ்சம் குறைவு.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். பொருந்துகிறது, விலையும் குறைவு என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. அவர் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தையலை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தொழில் தெரிந்த கண். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. அதுவே அவருடைய சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. கடைசியில் வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பி நின்று கேட்டார்: "நல்லாவும் இருக்குது, வெலயும் கம்மிங்கறீங்க, அப்பறம் ஏங்க இத எனக்கு முன்னாடி ஒருத்தரும் வாங்கல?"

முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்

மஞ்சுளா ஒரு சனிக்கிழமை கடை சாத்தும் நேரத்தில் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, விடியுமுன்னே பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. இருப்பதிலேயே விலை குறைந்த ஷூவைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்ததும், பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்தில் என்னிடமிருந்து காலை மறைத்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைக் கிழித்தவர்கள்தான். எட்டிப் பார்த்தேன். கிழிசல் எதுவும் இல்லை. ஷூ அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

காலில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்தபடி விஷயத்தைச் சொன்னாள். ரேவதி தனக்கு உதவிக்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார். மூன்று வாரம் கழித்து ஒரு தேர்வு. அடுத்தடுத்து மூன்று தடவை சுவரின் உச்சியைத் தொட வேண்டும். போட்டியில் இவளும் இன்னொரு பெண்ணும். இவள் வீட்டிலிருந்து அந்தக் குடோனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், நடிப்பு மாதிரித் தெரியவில்லை. இருந்தாலும் தள்ளுபடி கேட்பதற்கு அடிபோடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டேன். அவள் தள்ளுபடி கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "எம் பொண்ணுக்கு நாலு வயசுக்கா, அவ முழிச்சிருக்கறப்ப நான் அவளப் பாக்கறது ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

கடிக்குது

அடுத்த சனிக்கிழமை ஷூவோடு திரும்பி வந்தாள். இரண்டாவது விரலில் கடிக்கிறதாம், சுவரில் கால் ஊன்ற முடியவில்லையாம். உள்ளே கையை விட்டுத் தடவினேன். பிசிறு இல்லை, மடிப்பு இல்லை. மாற்றிக் கொடுத்தேன். ஒரு சுற்றுப் பெரியது. திரும்பவும் முதுகைக் காட்டி உட்கார்ந்து போட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரம் அதுவும் திரும்பி வந்தது. இப்போது விரலும் கடிக்கிறது, குதிகாலும் வழுக்குகிறது, பாதிச் சுவரிலேயே இரண்டு தடவை விழுந்துவிட்டாளாம். இன்னொரு பெண் அநாயாசமாக ஏறுகிறாளாம். மெத்தென்ற தோல் மாடல் ஒன்றைக் கொடுத்தேன். கடையில் போட்டுப் பார்த்தால் மட்டும் எதுவும் கடிப்பதில்லை.

எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. கம்பெனிக்காரன் இரண்டாம் தரத்தை அனுப்பிவிட்டானா? ரேவதி அந்த இன்னொரு பெண்ணுக்காக இவளுக்குத் தப்பான அளவைச் சொல்கிறாரா? இல்லை, ஞாயிறுதோறும் புது ஷூவில் ஏறிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இவளே கணக்குப் போடுகிறாளா? முதலாளிக்கு அந்த மூன்றாவது சந்தேகம்தான். திரும்பி வந்ததைப் புதிது என்று விற்க முடியாது, வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கிற ஜோடியாக வெளியே வைக்கச் சொன்னார். அவள் போன பிறகு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பொண்ணு நம்மகிட்ட ஷூ வாங்குதா, வாடகைக்கு எடுக்குதா?"

உள்ளே இருந்தது

மறுநாள் காலையில் வந்த ஒரு டீச்சரம்மா, வெளியே வைத்திருந்த அந்த ஜோடியில் காலை விட்டவர் "ஸ்ஸ்" என்று வெளியே இழுத்தார். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு வெள்ளி மெட்டி தரையில் விழுந்து உருண்டது. டீச்சரம்மா உடனே குனிந்து தன் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டார். அவருடையது அவரிடம் இருந்தது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மெட்டியோடு அளவு பார்த்தால் ஷூ பெரிதாகிச் சுவரில் வழுக்கும் என்று மஞ்சுளா கடையில் அதைக் கழற்றிவிடுகிறாள், அதனால் ஷூ பொருந்துகிறது. சுவர் ஏறும்போது மெட்டியோடு போடுகிறாள், அதனால் கடிக்கிறது. கழற்றுவது எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் முதுகைக் காட்டினாள். நேற்று கழற்றியதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பழைய ஷூவுக்குள் போட்டுவிட்டு, அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினோரு வருடம் சந்தேகப்பட்டு என்ன பிரயோஜனம், சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டேனே. நான் மெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலம் டீச்சரம்மாவுக்கு வேறு மாதிரிப் பட்டிருக்கிறது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இங்க பாருங்க, இந்த மெட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, மொதல்ல கேமராவுல பாத்துக்குங்க."

மாமியாரின் கால்

திங்கட்கிழமை காலையில் மாதம்மாள் வந்தார். மஞ்சுளாவின் மாமியார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், விறைப்பான நடை. வந்ததும் நேராக என்னிடம் விசாரணையை ஆரம்பித்தார். "எம் மருமவ இங்கதான ஷூ வாங்கறா? மெட்டி ஒண்ணக் காணம். பஸ்ஸுல வுழுந்துருச்சுங்கறா. வெரல்ல இறுக்கி மாட்டுனது பஸ்ஸுல எப்பிடி வுழும்?" மெட்டி என் முழங்கைக்குக் கீழே டிராயரில் இருந்தது. இந்த அம்மாள் கையில் கொடுத்தால் மஞ்சுளா மறுபடி சுவர்ப் பக்கமே போக முடியாது என்று பயந்தேன். தெரியாதுங்கம்மா என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, மருமகள் போடுகிற அதே ஷூவை எடுக்கச் சொன்னார். உள்ளே ஏதாவது ஒளித்துவைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரோ தன் காலிலிருந்த மெட்டியோடு பாதத்தை உள்ளே விட்டார். பட்டையை நான் இழுத்து ஒட்டினேன். எழுந்து முன்காலில் எக்கி நின்றவர் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார். கழற்றியபோது விரலில் மெட்டி பதிந்து சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, மூன்று வாரமாக அவள் இதோடுதான் ஏறினாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏறுகிற நேரம் கழற்றி வைத்தால் என்ன என்று அவரே கேட்டு, அவரே நிறுத்தினார். பிறகு சொன்னார்: "எம்மவன் லாரி ஓட்டறான். தெனமும் அந்த ஆக்சிடென்ட் ஆவற தொப்பூர் எறக்கத்துல எறங்கறான். மெட்டிய மட்டும் கழட்டிராதன்னு நாந்தான் சொல்லி வெச்சன். புள்ளயத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் எதுருலயே குந்தியிருந்தன்."

டிராயரைத் திறந்து மெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் அதைப் புடவையில் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். போகும்போது சொன்னார்: "எடுத்து வெச்சிருந்தது நல்லது கண்ணு, ஆனா நீ சொன்ன பொய்யி உம் மூஞ்சியிலயே தெரிஞ்சுது."

தேர்வு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பிறர் வாயால் கேட்பதை நான் நம்புவதில்லை என்பதால், முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நானே போனேன். மஞ்சுளா முதல் தடவை வாங்கிய அளவிலேயே ஒரு ஜோடியையும் கையோடு எடுத்துப்போனேன். பேத்தியோடு வந்திருந்த மாதம்மாள் எழுந்து மஞ்சுளாவின் முன்னால் போய்க் கையை நீட்டினார். கழற்று என்றார். மஞ்சுளா வெலவெலத்துப் போனாள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவளுக்கும் சந்தேகம். இருக்கட்டுங்க அத்தை, பரவாயில்லை என்று பின்னால் நகர்ந்தாள். மாதம்மாள் விடவில்லை. அத்தனை பெண்களுக்கும் முன்னால் குனிந்து, மருமகளின் காலைப் பிடித்து, தொலைந்து கிடைத்ததையும் சேர்த்து மெட்டி இரண்டையும் தானே உருவினார். இரண்டாவது விரல் தோல் உரிந்து கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னிடமிருந்து ஷூவை வாங்கி மருமகளிடம் கொடுத்தார்.

இன்னொரு பெண் இரண்டு தடவை உச்சியைத் தொட்டாள், மூன்றாவதில் கை ஓய்ந்து இறங்கிவிட்டாள். மஞ்சுளா மூன்று தடவையும் தொட்டாள். மூன்றாவது தடவை பாதியில் நின்று அவள் கால் நடுங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தை கத்திய சத்தத்தில்தான் திறந்தேன். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லி ரேவதி அங்கேயே சொல்லிவிட்டார். மஞ்சுளா மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் அழுதாள். வெளியே வரும்போது ஊர்க்கார அம்மாள் ஒருவர் மாதம்மாளின் காதைக் கடித்தார், மகன் ரோட்டில் இருக்கும்போது மருமகள் காலில் மெட்டியை நீயே கழற்றலாமா என்று. மாதம்மாள் நடையை நிறுத்தாமல் சொன்னார்: "பெத்தவ எங் கால்ல மெட்டி இருக்குதில்ல, எம்மவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு அது போதும்."

ஆள் பொய் சொன்னாலும் கால் பொய் சொல்லாது என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், இப்போது காலையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.